போத்தை அசைக்கக் கூடாது

ஆடு இலையைத்தான் கடித்து இழுத்தது. நட்டு வைத்த கிளையான போத்து முழுசாகச் சாய்ந்து விழுந்தது.

செங்கோடன் ஒரு கல்லை எடுத்து வீசினான். ஆடு சரிவில் இறங்கி ஓடிவிட்டது. விழுந்த கிளுவைப் போத்தைத் திரும்ப நட்டுவிடலாம் என்று எடுத்தவன், அதன் அடியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

வேர் இல்லை. வைகாசியில் அவன் அரிவாளால் சாய்வாகச் சீவிய வெட்டு அப்படியே இருந்தது. வெட்டின் ஓரம் கறுத்திருந்தது, தொட்டால் வழுக்கியது. மேலே மட்டும் கொத்துக் கொத்தாகப் பச்சை இலை. வெயிலில் காயாதிருக்கத் தலையில் வைத்த சாணி உருண்டைகூட இன்னும் உதிரவில்லை.

இது ஒன்று மட்டும் இப்படி இருக்கலாம் என்று நினைத்தான். அடுத்த போத்திலும் இலை தளதளவென்று இருந்தது. அசைத்துப் பார்க்கக் கையை நீட்டினான். கை பாதியில் நின்றது.

நட்ட போத்தை அசைக்கக் கூடாது. அந்தச் சீமையில் வேலி போடுகிற எவனும் அசைக்கமாட்டான். இளவேர் அறுந்துபோகும் என்பது ஒரு காரணம். நட்டவனே அசைத்தால் அவன் வீட்டில் ஓர் உயிர் ஆட்டம் காணும் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இரண்டாவதற்குத்தான் பயப்படுவார்கள். அதனால் யாரும் போத்தின் வேரைப் பார்த்ததில்லை. இலை விட்டால் உயிர் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். சோளக்காட்டு வேலியில் கிளுவை இதுவரை ஏமாற்றியதில்லை.

ஆனால் இது சோளக்காடு இல்லை. சேலத்துக்கு வடக்கே, வெள்ளைக்கல் வெட்டுகிற கரடு. கம்பெனி பல வருஷம் கல்லை எடுத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் வெட்டி முடித்த பள்ளத்திலேயே கொட்டியது. பள்ளம் நிரம்பிய பிறகும் கொட்டியது. அது மேடாகி, தெற்குப் பக்கம் செங்குத்தாக இறங்கி நின்றது. மண் என்று சொல்வதே தப்பு. வெளிறிய பொடியும் உடைந்த கல்லும்தான். காய்ந்தால் கண்ணைக் கூசும், நனைந்தால் கூழாகும். அந்தச் சரிவு முழுக்க, ஆட்கள் சுமந்து வரச் செங்கோடன்தான் தன் கையால் போத்து நட்டான்.

சரிவின் அடிவாரத்தில் கூலிக்காரர்களுக்குப் புதுச் சாளைக் குடிசைகள் போட இடம் அளந்து முளைக்குச்சி அடித்திருந்தார்கள். இப்போது இருக்கிற சாளைகள் கல் சுடும் சூளைக்குப் பக்கத்தில் இருந்தன. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை அங்கேதான் இறங்கும். சோற்றில் புகை, துணியில் புகை. பிள்ளைகள் இருமிக்கொண்டே பிறந்து இருமிக்கொண்டே வளர்ந்தன. செங்கோடனின் மகள் ராசாத்தி, புருஷன் கந்தப்பனோடும் கைக்குழந்தை வசந்தாமணியோடும் அந்த வரிசையில் சூளைக்கு மிக நெருக்கமான சாளையில் இருந்தாள்.

புது இடத்துக்குப் போக ஒரு நிபந்தனை இருந்தது. சரிவில் செடி பிடித்து மண் நிற்கிறது என்று காட்டிலாகா ரேஞ்சர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ரேஞ்சர் உபகாரசாமி சேலம் டவுன்காரர். போன வருஷமே வந்து மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்துவிட்டு, ஆவாரையும் கொழிஞ்சியும் விதைத்து இரண்டு மழைக்காலம் பொறுங்கள் என்றார். இரண்டு மழைக்காலம் என்றதும் கூட்டம் முணுமுணுத்தது. அப்போது செங்கோடன்தான் முன்னால் வந்தான். கிளுவை நட்டால் ஒரே மழையில் உயிர் பிடித்து மண்ணைக் கட்டிக்கொள்ளும் என்றான். கருப்பனார் மேல் ஆணை வைத்தான். ரேஞ்சருக்கு முழு சம்மதம் இல்லை. ஆனால் வழிநெடுகக் கிளுவை வேலியைப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவர். சரி என்றார்.

வேரில்லாத போத்தைக் கையில் வைத்துக்கொண்டு செங்கோடன் மேட்டின் உச்சிக்கு ஏறினான். விளிம்பை ஒட்டி ஒரு வெடிப்பு ஓடியது. கோடையிலேயே பார்த்ததுதான். காய்ந்த மண் வெடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டான். இப்போது போத்தைத் தலைகீழாக உள்ளே விட்டான். அடி தட்டவில்லை. தோள்வரை கையை இறக்கியும் தட்டவில்லை. வெடிப்புக்குள் குளிர்ச்சியாக இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

கீழே முளைக்குச்சிகள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ ஒருத்தி அதற்குள் தன் இடத்தில் அடுப்புக் கல் கூட்டி வைத்திருந்தாள்.

அவன் திரும்ப வந்து போத்தைப் பழைய குழியிலேயே செருகினான். காலால் மிதித்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். மற்ற போத்துகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

*

சாயங்காலம் மகள் சாளைக்குப் போனான். ராசாத்தி சட்டிபானைகளைக் கழுவிக் கவிழ்த்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். ரேஞ்சர் வந்து தலையாட்டினால் அன்றைக்கே கிளம்பிவிடுவாள்போல் இருந்தது. குழந்தை தூளியில் கிடந்து இருமியது. இருமும்போது தூளி தானாக ஆடியது.

செங்கோடன் நேராகச் சொல்ல நினைத்தான். வாயில் வரவில்லை. இந்த மழை போகட்டும், தையில் போனால் என்ன என்று கேட்டான்.

கந்தப்பன் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "மாமனுக்கு மகள உட்டுப் பிரிய மனசில்ல போலிருக்குது. பேசாம நீங்களும் சாக்குக்குள்ள ஏறிக்குங்க மாமா, ஒரே நடையாத் தூக்கீட்டுப் போயரலாம்" என்றான்.

ராசாத்தி சிரிக்கவில்லை. தை வரைக்கும் இந்தப் பிள்ளை இருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். அடுத்த சாளை குஞ்சம்மாள் ஆடியில் ஒரு குழந்தையை இருமலுக்குத் தூக்கிக் கொடுத்தவள். அவள் காதில் விழும்படிதான் ராசாத்தி கேட்டாள். செங்கோடன் எழுந்து வந்துவிட்டான்.

வழியெல்லாம் யோசித்தான். சொன்னால் எல்லாரும் புகையிலேயே கிடப்பார்கள், அவனைத்தான் சபிப்பார்கள். அது நியாயமும்கூட. ஆணை வைத்தவன் அவன். சொல்லாவிட்டால் ஐப்பசி மழையில் அந்த மேடு ஊறும். ஊறி என்ன ஆகும் என்பதை அவன் யோசிக்கவில்லை, அது தானாகக் கண்முன் வந்தது. ஒருமுறை வேறொரு குழியில் மண் சரிந்தபோது அவன் பார்த்திருக்கிறான். பெரிய சத்தமெல்லாம் கேட்காது. சாக்கிலிருந்து தவிடு கொட்டுகிற சத்தம்தான். அப்புறம் தூசி. தூசி அடங்கியபோது அங்கே இருந்த மண்வெட்டிகளில் ஒன்றின் காம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

ஒருவேளை அந்த ஒரு போத்து மட்டும் வேர் விடாததாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைப் பிடுங்கிப் பார்க்கிற ஒரே வழிதான் இருந்தது, வேறு எவனும் அதைத் தொடமாட்டான். நட்டவன் கை. நட்டவன் வீட்டு உயிர். அவன் வீட்டில் தூளியில் கிடக்கிற உயிரைத் தவிர வேறு சின்ன உயிர் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் அவன் தினமும் சரிவுக்குப் போனான், ஒன்றையும் தொடாமல் திரும்பி வந்தான்.

*

புரட்டாசியில் ரேஞ்சர் வந்தார். ஒரு கயிற்றுச் சுருளும் ஒரு சட்டிச் சுண்ணாம்பும் சுமந்து இரண்டு ஆட்கள் கூட வந்தார்கள். கம்பெனி மேஸ்திரி தீர்த்தகிரி தலைப்பாகையைப் புதிதாக வெளுத்துக் கட்டியிருந்தான். சாளை ஜனம் பூராவும் சரிவின் பக்கவாட்டில் வந்து நின்றது. ராசாத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

ரேஞ்சர் சரிவு முழுவதையும் எண்ணவில்லை. உச்சியில், நடுவில், அடியில் என்று அங்கங்கே கயிற்றால் கட்டம் போடச் சொன்னார். கட்டத்துக்குள் இலை விட்ட போத்துக்கெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. விடாததற்குக் கிடையாது. பாதிக்கு மேல் பொட்டு விழுந்தால் அந்தக் கட்டம் தேறியது. அவர் வேலையில் சோம்பல் இல்லை. செங்குத்தான இடத்திலும் தானே குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். ஜோடு வழுக்கியபோது செங்கோடன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கட்டமும் தேறியது. பொட்டு விழாத போத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொட்டும் விழ விழ ஜனத்தின் பக்கம் சந்தோஷச் சத்தம் ஏறியது. செங்கோடன் நின்று நின்று நடந்தான். ரேஞ்சர் தோளைப் பிடித்திருந்ததால் அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வெயில்தான் காரணம் என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீர் குடி என்றார்.

கடைசிக் கட்டம் முடிந்ததும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒன் கிளுவை ஜெயிச்சுட்டுது, செங்கோடா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். பேனாவைத் திறந்தார்.

தீர்த்தகிரி பல்லைக் காட்டினான். கீழே யாரோ குலவையிட்டார்கள்.

செங்கோடன், "சாமி, ஒண்ணப் புடுங்கிப் பாக்கோணுங்க" என்றான்.

குலவை நின்றது. ரேஞ்சருக்குப் புரியவில்லை. எதைப் பிடுங்க வேண்டும் என்று கேட்டார். தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது. அவன் செங்கோடன் கையைப் பிடித்து இழுத்தான். வெயிலில் புத்தி கலங்கிவிட்டது எசமான், நீங்கள் எழுதுங்கள் என்றான்.

செங்கோடன் கையை உதறிக்கொண்டு, கட்டத்துக்குள் பொட்டு விழுந்த ஒரு போத்தை இரண்டு கையாலும் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். இழுத்தான்.

போத்து உடனே வரவில்லை. கொஞ்சம் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் வந்தது. கண்ணைத் திறந்தபோது அதன் அடியில் வெள்ளை வெளேரென்று வேர் தொங்கியது. தலைமயிர்போல் மெல்லிய வேர், நுனியில் ஈர மண்ணோடு.

கந்தப்பன்தான் முதலில் சிரித்தான். "உசுரோட இருந்ததப் புடுங்கிப்போட்டு உசுரு இருக்குதான்னு பாக்கறாரு எங்க மாமன்" என்றான். ஜனம் சிரித்தது. ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடி மார்போடு அழுத்திக்கொண்டாள். அப்பனை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

செங்கோடனுக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எல்லாமே வேர்விட்டிருந்தால்? பேத்தியின் உயிரைத் தூக்கி வெயிலில் போட்டுவிட்டு வீணாக நிற்கிறோமா? இத்தோடு நிறுத்திவிடலாம். நிறுத்தினால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். கையில் இருந்த போத்தின் வேரில் ஒட்டியிருந்த மண் அப்போதுதான் கண்ணில் பட்டது. அது வெள்ளையாக இல்லை. செம்மண். பள்ளத்தின் மேல்மண் வண்டியில் வந்து தவறி அந்த இடத்தில் கொட்டியிருக்க வேண்டும்.

அவன் பத்தடி நகர்ந்து, வெறும் வெள்ளையில் நின்ற போத்தைப் பிடித்தான். இழுக்கவே தேவையிருக்கவில்லை. கையோடு வந்தது. அடியில் அரிவாள் வெட்டு, கறுத்த வழுவழுப்பு. அடுத்தது. அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். வெறி பிடித்தவன்போல் பிடுங்கிக்கொண்டே போனான். தீர்த்தகிரி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தபோதுதான் நின்றான்.

ரேஞ்சர் பேனாவை மூடினார். அவரே குனிந்து ஒன்றை இழுத்தார். உச்சிக்கு ஏறி அங்கே ஒன்று. வெடிப்பைப் பார்த்தார். அதன் ஓரத்தில் நிற்காமல் பின்னால் நகர்ந்தார். இறங்கி வந்து கூட்டத்திடம் சத்தம் போடாமல் சொன்னார். போத்து தன் தண்டில் இருக்கிற பாலைக் குடித்தே இலை விட்டிருக்கிறது, அது தீர்ந்ததும் காய்ந்துவிடும், இந்த மண்ணை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்த மழைக்கு ஒருத்தரும் கீழே குடிபோகக் கூடாது. ஆவாரை விதை அனுப்புகிறேன்.

இலையை மட்டும் பார்த்து எண்ணியது தன் தப்பும்தான் என்று செங்கோடனிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை. ஜனம் கலைந்து சூளைப் பக்கம் நடந்தது. யாரும் அவனைத் திட்டக்கூட இல்லை.

*

மூன்றாம் நாள் வசந்தாமணிக்குக் காய்ச்சல் கண்டது. இருமல் வந்தால் முகம் நீலம் பாய்ந்தது.

சாளை வரிசையில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. நட்ட கை, பிடுங்கிய கை. அப்படி எத்தனை பிடுங்கினான்! குஞ்சம்மாள் வந்து மிளகாய் சுற்றிப் போட்டாள். செங்கோடன் வாசலுக்கு வந்தபோது ராசாத்தி உள்ளேயிருந்தபடியே வாசல் படலைச் சாத்தினாள். அவன் வெளியே நின்று குழந்தையின் மூச்சைக் கேட்டான். கிழிந்த துருத்தியின் சத்தம். அவனுக்கும் அந்தக் காரணம்தான் தோன்றியது. புகை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பாதிதான் நம்ப முடிந்தது.

காய்ச்சல் இறங்கிய மறுநாள் காலையில் கந்தப்பன் மூங்கிலும் ஓலையும் சுமந்து சரிவின் அடிவாரத்துக்குப் போனான். முளைக்குச்சி அடித்த இடத்திலேயே குழி தோண்டினான். ராசாத்தி சாக்கு மூட்டையைத் தலையில் வைத்துப் பின்னால் நடந்தாள். மேஸ்திரி தீர்த்தகிரி பார்த்துவிட்டு வேறு பக்கம் போனான். போங்கள் என்று கம்பெனி சொல்லவில்லை, போகிறவர்களைத் தடுக்கவும் இல்லை.

செங்கோடன் ஓடிப் போய் வழியில் நின்றான். ரேஞ்சர் சொன்னதைச் சொன்னான். வெடிப்பைப் பற்றிச் சொன்னான். முன்பு பார்த்த அந்த மண்வெட்டிக் காம்பைப் பற்றியும் சொன்னான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மகள் மூட்டையை இறக்காமலே கேட்டாள்.

"மண்ணு உழுவுமோ உழுவாதோ, அது கருப்பனாருக்குத்தாந் தெரியும். பொகை தெனமும் உழுவுது" என்றாள். "நீங்க புடுங்குனதுக்கு எம் புள்ள பட்டது போதும். வழிய உடுங்க."

அவன் விலகினான். அவளைத் தொட்டுத் தடுத்திருக்கலாம். மூட்டையைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்குவதற்கு அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வாரத்தில் இன்னும் பல சாளைகள் எழுந்தன. அடிவாரத்தில் காற்று சுத்தமாக இருந்தது. வசந்தாமணிக்கு இருமல் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. மண்ணில் உட்கார்ந்து வெள்ளைக்கல் துண்டுகளை அடுக்கி விளையாடினாள். கீழே இருந்தவர்கள் அதை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொண்டார்கள். செங்கோடன் மேலே இருந்து பார்த்தான். குழந்தை தேறியதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. இனி அவளை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியாது.

ரேஞ்சர் சொன்னபடி ஆவாரை விதை மூட்டை வந்தது. கொழிஞ்சியும் வந்தது. செங்கோடன் ஒருவனாகச் சரிவு முழுக்க விதைத்தான். செம்மண்ணைக் கூடையில் சுமந்து ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி போட்டான். உச்சி வெடிப்பில் களிமண்ணைத் திணித்தான். ஒவ்வொரு தூறலுக்கும் அது களிமண்ணை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. கிளுவை இலைகள் மஞ்சளித்து உதிர ஆரம்பித்தன. சுண்ணாம்புப் பொட்டு மட்டும் அழியாமல் இருந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் சேர்வராயன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று விழுந்து ஈரவாடை அடித்தது. செங்கோடன் சரிவின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஓர் ஆவாரங்கன்று. இரண்டு விதையிலைக்கு மேலே சின்னதாக ஒரு கொழுந்து விட்டிருந்தது. சுற்றிலும் அதுபோல் அங்கங்கே பச்சை.

கீழே ராசாத்தி காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்த்தாள். அவனையா மேகத்தையா என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் துளி அவன் முதுகில் விழுந்தது. கனத்த துளி. வெள்ளை மண்ணில் விழுந்த இடமெல்லாம் கூழானது. எங்கோ மேலே, சாக்கிலிருந்து தவிடு கொட்டுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. கேட்டதா, அவன் நினைத்தானா?

கன்று வேரை ஆழ விட்டிருந்தால் சரிவு இந்த மழையைத் தாங்கலாம். விடாவிட்டால் இப்போதே கீழே ஓடிக் கத்த வேண்டும். அவன் இரண்டு விரலால் கன்றின் தண்டைப் பிடித்தான். இழுக்கப் பயமாக இருந்தது. இழுக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அவன் விரலை எடுக்கவில்லை.